ஸ்டோரேஜ் என்ஜினில் பல கேரக்டர் செட்: பைட் ஒப்பீடு மட்டும் போதுமா?

ஒயிட்ஃபீல்டுவாசி:
வணக்கம். பெங்களூருவில் ஒரு சின்ன டீமாக சொந்தமாய் ஸ்டோரேஜ் என்ஜின் (டேட்டாபேஸில் டேட்டாவை டிஸ்க்கில் வைத்து எடுக்கும் பகுதி) எழுதி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கீகளை வரிசையாக அடுக்கித் தேடும் பி-ட்ரீ இண்டெக்ஸ், இதுவரை லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 8 பிட் கேரக்டர் செட்) மட்டும். இப்போது ஒரே டேபிளில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பெயர்கள் வருகின்றன. எல்லாவற்றையும் யுடிஎஃப்-8 (யூனிகோடை பைட்டுகளாக எழுதும் முறை) ஆக்கிவிட்டு கீகளை மெம்கம்ப்பில் (பைட் பைட்டாக ஒப்பிடும் சி ஃபங்ஷன்) ஒப்பிட்டால் முடிந்தது என்கிறார் லீட். எனக்கு மனது ஒப்பவில்லை. பழைய கஸ்டமர் ஒருவரின் டேட்டா திஸ்கியில் (யூனிகோட் பரவுவதற்கு முந்தைய தமிழ் கேரக்டர் செட்) வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?

அல்சூர்_டிபிஏ:
யுடிஎஃப்-8 சரி, மெம்கம்ப் சரியில்லை. யூனிகோடில் புள்ளிக்கு எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னால்தான் இடம், அதனால் பைட் வரிசையில் பகல் முதலிலும் பக்கம் அதற்கு அப்புறமும் வரும். அகராதியில் பக்கம்தான் முந்தி. ன-வும் அப்படித்தான், ந-வை ஒட்டி உட்கார்ந்திருக்கும், நம் வரிசையிலோ அது கடைசி மெய். வரிசை பிசகுவதைக்கூட யூசர் பொறுத்துக்கொள்வார், தேடினால் கிடைக்காததை எப்படிப் பொறுப்பார்? "கொ" என்பதை க-வுடன் ஒரே குறியாக எழுதினால் 6 பைட், ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக எழுதினால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான், மெம்கம்ப்புக்கு இரண்டும் வேறு. உள்ளே வரும்போதே என்எஃப்சி (இப்படிப்பட்ட இரட்டை வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் வடிவம்) ஆக்கிவிடுங்கள். வரிசைக்கு ஐசியூ என்ற யூனிகோட் லைப்ரரியிடம் சார்ட் கீ (மொழி வரிசைப்படி ஒப்பிட ஏதுவான பைட் தொடர்) வாங்கி அதை இண்டெக்ஸில் வையுங்கள், அதன்மேல் தாராளமாக மெம்கம்ப் ஓட்டலாம்.

பைட்_கணக்கு:
நீளத்தையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்-8 ஓர் எழுத்துக்கு 3 பைட்தான், தமிழுக்கும் கன்னடத்துக்கும் அது போதும், எமோஜிக்குப் போதாது. 2010-இல் 5.5.3-ல் 4 பைட் வகை வந்தது. அப்போது 255 எழுத்து ஃபீல்டுகள் மைஎஸ்க்யூஎல்லின் ஸ்டோரேஜ் என்ஜினான இன்னோடிபியில் மாட்டிக்கொண்டன, ஏனென்றால் அன்றைய இண்டெக்ஸ் வரம்பு 767 பைட், மும்மடங்கு 765 உள்ளே நிற்கும், நான்மடங்கு 1020 நிற்காது. ஒவ்வொரு ஃபீல்டுக்கும் கேரக்டர் செட் எண்ணையும், ஓர் எழுத்துக்குக் குறைந்தது எத்தனை பைட், கூடியது எத்தனை என்பதையும் மெட்டாடேட்டாவில் எழுதிவிடுங்கள். என்ஜினுக்கு அதற்கு மேல் மொழி தெரியத் தேவையில்லை.

அல்சூர்_டிபிஏ:
ஒன்று விட்டுவிட்டேன். கொலேஷன் (எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதித் தொகுப்பு) எண்ணோடு அதன் பதிப்பையும் ஃபைலிலேயே எழுதுங்கள், இது கட்டாயம். 2018-இல் வந்த ஜிலிப்சி 2.28 (லினக்ஸின் சி லைப்ரரி) வரிசை விதிகளை மாற்றியது, அதை நம்பியிருந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் இண்டெக்ஸ்கள் ஓஎஸ் அப்கிரேடு ஆனதும் தப்பாகிவிட்டன. இருக்கிற வரி தேடலில் கிடைக்காது, யூனிக் இண்டெக்ஸிலேயே ஒரே மதிப்பு இரண்டு முறை ஏறிவிடும். ஐசியூ பதிப்பு மாறினாலும் இதே கதைதான். திறக்கும்போது பதிப்பு பொருந்தாவிட்டால் இண்டெக்ஸைத் திரும்பக் கட்டாமல் ஒரு வரியைக்கூட எழுத விடாதீர்கள்.

ஒயிட்ஃபீல்டுவாசி:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி, பதிப்பு விஷயம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. திஸ்கிக்கு என்ஜினுக்குள்ளேயே ஒரு கேரக்டர் செட் சேர்க்கலாமா?

பைட்_கணக்கு:
வேண்டாம், இறக்கும்போதே மாற்றிவிடுங்கள். திஸ்கி எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் வைக்கும், "கொ" என்றால் கொம்பு, அப்புறம் க, அப்புறம் கால். வெறும் அட்டவணை மாற்றம் பத்தாது, இடம் மாற்றியும் அடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், திஸ்கியும் 8 பிட்தான், லத்தீன்-1 ஃபீல்டில் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிடும். அந்த கஸ்டமரின் டேபிள் லத்தீன்-1 என்று சொன்னாலும் நம்பாமல், மாற்றும் ஸ்கிரிப்டை ஓட்டுவதற்கு முன் சில வரிகளை எடுத்து திஸ்கி ஃபான்ட்டில் திறந்து பாருங்கள்.