காருக்குள் எலி குடித்தனம், யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஆறு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் பலமாடி கார்ப்பேட்டையில் நிறுத்தியிருந்த காரில் ஏர்கான் போட்டதும் ஒரே மூத்திர வாடை. டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏர்கான் ஃபில்டரை இழுத்தால், கிழித்த டிஷ்யூ பேப்பர், சீட்டுப் பஞ்சு, நடுவில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை! பாதியைத் தோலுரித்து அடுக்கியிருக்கிறாள் மகராசி. தேக்காவில் வாங்கி, பின்சீட்டில் நான் மறந்துவிட்டுப் போன அதே கடலை.

எச்சத்தைக் காய்ந்தபடி கூட்டினால் தூசியாகி மூக்குக்குள் போகும் என்பதால், பிளீச் கலந்த தண்ணீர் தெளித்து, ஊறவைத்துத் துடைத்துவிட்டேன். விஷம் வைக்க மனசில்லை. எங்காவது இடுக்கில் செத்தால் நாற்றம் யார் தாங்குவது?

சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து போதுமாம். வெளிக்காற்று நுழையும் வாய்க்குக் கம்பிவலை போட்டவர்கள் உண்டா? என்ன அளவு வலை, எப்படி ஒட்டினீர்கள்? டிசம்பரில் மறுபடியும் ஊருக்குப் போகணும்.