பொட்டாசியம் சேனலைக் குறைத்தால் நரம்புசெல் ஏன் செயலற்று நின்றுவிடுகிறது? உதவி வேண்டும்

கோத்தகிரி மாணவி:
வணக்கம். எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்குக் குளிரை உணரும் நரம்புசெல்லைக் கணினியில் செய்து பார்க்கிறேன். எங்கள் ஊரில் ஜனவரி காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்களுக்கு முதலில் விரல் சில்லென்று இருக்கும், அப்புறம் வலிக்கும், கடைசியில் மரத்துப்போகும். அதனால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

'நியூரான்' மென்பொருளில், பைதான் வழியாக, செல் முழுவதும் ஒரே ஒரு துண்டு. அதில் கூடவே வரும் ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி சேனல்களை, அதாவது சவ்வில் சோடியம், பொட்டாசியம் அயனிகள் போய்வரும் வாயில்களை, போட்டிருக்கிறேன். இரண்டு சிக்கல்:

1. பொட்டாசியம் சேனல் பிரேக் மாதிரி என்று படித்தேன். அப்படியானால் அதைக் குறைத்தால் ஸ்பைக் (நரம்புசெல்லின் மின்துடிப்பு) அதிகம் வரவேண்டும். அதன் கடத்துதிறன் 0.036 இருந்ததை 0.002 ஆக்கினேன். தொடக்கத்தில் ஒரே ஒரு எழுச்சி, அப்புறம் மைனஸ் 23 மில்லிவோல்ட் பக்கம் நேர்க்கோடு. எவ்வளவு மின்னோட்டம் கொடுத்தாலும் ஸ்பைக் இல்லை.

2. பொட்டாசியத்தைப் பழைய அளவுக்கே திருப்பிவிட்டு, வெப்பநிலையை மட்டும் 37 ஆக்கினேன். முழு ஸ்பைக் வரவில்லை, சின்ன மேடு மட்டும்தான். மென்பொருளை மறுபடி நிறுவியும் அதேதான்.

ஓம்விதி:
மென்பொருளில் கோளாறு இல்லை. அது சரியான விடையைத்தான் சொல்கிறது.

முதல் சிக்கல். சோடியம் சேனல் திறந்ததும் தானாகவே அடைத்துக்கொள்ளும். அந்த அடைப்பு நீங்க, சவ்வின் மின்னழுத்தம் திரும்பக் கீழே இறங்கியாக வேண்டும். இறக்குவது யார்? வெளியே ஓடும் பொட்டாசியம். அதை ஏறக்குறைய இல்லாமலே செய்துவிட்டீர்கள். மின்னழுத்தம் மேலேயே தங்கிவிட்டது, சோடியம் சேனல்கள் அடைந்தபடியே கிடக்கின்றன. இதை டிபோலரைசேஷன் பிளாக் என்பார்கள். பிரேக் என்பது பாதி உண்மைதான். அடுத்த ஸ்பைக்குக்கு வழி திறந்துவிடுவதும் அதே சேனல்தான்.

0.012 வைத்து, வெளியிலிருந்து மின்னோட்டம் எதுவும் கொடுக்காமல் ஓட்டிப் பாருங்கள். ஒன்று கவனம்: தொடக்க மின்னழுத்தம் மைனஸ் 65 என்று இருக்கும், ஆனால் பொட்டாசியத்தைக் குறைத்ததும் ஓய்வுநிலை அங்கே இருக்காது. நீங்கள் பார்த்த முதல் எழுச்சி அதனால் வந்ததுதான். முதல் சில நூறு மில்லிவினாடியைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

சோலைக்குயில்:
இரண்டாவது சிக்கலுக்கு நான் சொல்கிறேன். அந்தச் சமன்பாடுகள் 1952இல் கணவாய் என்ற கடல் உயிரியின் ராட்சத ஆக்ஸானுக்காக (நீண்ட நரம்பு இழைக்காக) எழுதப்பட்டவை. அடிப்படை வெப்பநிலை 6.3 டிகிரி. நம் ஊர்க் கணக்கில் ஊட்டியின் மார்கழிக் காலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 டிகிரி ஏறினால் சேனல் கதவுகளின் வேகம் மும்மடங்கு. 36.3க்குப் போனாலே 27 மடங்கு ஆகிவிடுகிறது. ஆனால் மின்னைச் சேர்த்துவைக்கும் சவ்வின் கொள்திறன் மாறவில்லை, அது நிரம்ப அதே நேரம்தான் ஆகும். ஸ்பைக் எழுவதற்குள் சோடியம் அடைந்துவிடுகிறது, பொட்டாசியம் திறந்துவிடுகிறது. அதனால்தான் மேடாகவே நின்றுபோகிறது. நிஜக் கணவாயிலும் சூடு ஏறினால் ஸ்பைக் நின்றுபோகும், 1949இலேயே ஹாட்ஜ்கினும் காட்ஸும் அளந்திருக்கிறார்கள்.

இன்னொன்று கேட்கட்டுமா? விரல் தோலில் இருக்கும் நரம்பு நுனிக்கு 37 எதற்கு? அதுவும் ஜனவரியில்!

கோத்தகிரி மாணவி:
சார், இருவருக்கும் நன்றி. 0.012இல் ஒன்றுமே கொடுக்காமல் தானாக வரிசையாக ஸ்பைக் வருகிறது. அப்படியானால் பொட்டாசியம் கொஞ்சம் குறைந்தால் துடிப்பு, ரொம்பக் குறைந்தால் அமைதி. இதைக் குளிருக்கு அப்படியே எழுதிவிடலாமா?

ஓம்விதி:
அவசரப்படாதீர்கள். உங்கள் மாதிரியில் இருப்பது ஒரே வகைப் பொட்டாசியம் சேனல். உணர்வு நரம்புசெல்லில் பல வகை, ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு. ஏ வகை மின்னோட்டம் முதல் ஸ்பைக்கைத் தாமதப்படுத்தும். கேவி7 என்பது 1980இல் பிரவுனும் ஆடம்ஸும் தவளை நரம்புசெல்லில் கண்ட எம் மின்னோட்டத்துக்குரிய குடும்பம். மெதுவாகத் திறக்கும், தானாக அடையாது. அதனால் தூண்டல் நீடித்தால் ஸ்பைக்குகளை விட்டுவிட்டு வரவைக்கும். டிரெக் போன்ற கசிவுச் சேனல்கள் ஓய்வுநிலையைப் பிடித்துவைக்கும். அவை குளிர்ந்தால் மூடுகின்றன, அதனால் செல் மேலேறும்.

உங்களுக்கு முக்கியமானது கேவி1 என்ற பொட்டாசியம் சேனல் வகை. குளிரில் திறப்பது டிஆர்பிஎம்8 என்ற சேனல், மெந்தாலுக்கும் அதுதான் திறக்கும், நம் நீலகிரித் தைலத்தில் இருக்கும் யூகலிப்டாலும் அதைத் திறக்கும். அது நேர்மின்னை உள்ளே விடும்போது, கேவி1 எதிர்த்துப் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. டிஆர்பிஎம்8 அதிகம், கேவி1 குறைவு என்றால் லேசான குளிருக்கே செல் ஸ்பைக் எழுப்பும். இதற்கு நேர்மாறாக இருந்தால் கடும் குளிர் வந்தால்தான் எழுப்பும். 2002இல் வியானாவும் கூட்டாளிகளும் எலிச் செல்களில் பொட்டாசியம் சேனலை அடைக்கும் 4-அமினோபிரிடின் என்ற மருந்தைப் போட்டு இந்த எதிர்ப்பை அடக்கினார்கள். அதுவரை குளிரைக் கண்டுகொள்ளாத செல்களில் ஒரு பகுதி குளிருக்கு ஸ்பைக் எழுப்பத் தொடங்கியது.

எனவே ஹாட்ஜ்கின்-ஹக்ஸ்லி பொட்டாசியத்தைத் தொடாமல் விடுங்கள். நரம்பு மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் மாடல்டிபி தளத்தில் கேவி1, கேவி7 சேனல் கோப்புகள் கிடைக்கும். எடுத்துக் கம்பைல் செய்து, கேவி1இன் அளவை மட்டும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்த வெப்பநிலையில் முதல் ஸ்பைக் வருகிறது என்று ஒரு வரைபடம் போட்டால் அதுவே உங்கள் ப்ராஜெக்டின் பாதி.

சோலைக்குயில்:
கோப்பை எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் வெப்பநிலைக் காரணி (10 டிகிரிக்கு வேகம் எத்தனை மடங்கு என்ற எண்) எழுதியிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். சிலவற்றில் 22 டிகிரியில் அளந்ததை அப்படியே விட்டிருப்பார்கள். சோடியம் சேனல் குளிருக்கு வேகம் குறைய, பொட்டாசியம் சேனல் குறையாமல் ஓடினால் வரும் வரைபடத்துக்கு அர்த்தமே இல்லை. குளிரைப் படிக்கும் மாதிரியில் இது மன்னிக்க முடியாத ஓட்டை, வைவாவில் முதல் கேள்வியே இங்கேதான் விழும்.

கோத்தகிரி மாணவி:
கேவி1 கோப்பில் வெப்பநிலைக் காரணி இல்லை, நானே 3 என்று போட்டுவிட்டேன். கேவி1ஐ ஏற்ற ஏற்ற முதல் ஸ்பைக் கீழ் வெப்பநிலைக்கு நகர்கிறது. ஆனால் 10 டிகிரிக்குக் கீழே எல்லாமே நின்றுபோகிறது. விரல் மரத்துப்போவதற்கு இதுதான் காரணமா?

ஓம்விதி:
மரத்துப்போவதில் ஒரு பகுதி அதுவாக இருக்கலாம். குளிரில் சாதாரணச் சோடியம் சேனல்கள் எளிதில் அடைந்துகொள்ளும். ஆனால் வலியை உணரும் நரம்புசெல்களில் இருக்கும் என்ஏவி1.8 என்ற சோடியம் சேனல் அப்படி இல்லை, குளிரிலும் அடையாமல் வேலை செய்யும். 2007இல் எலிகளில் காட்டினார்கள். தொடுவுணர்ச்சி போன பிறகும் விரல் வலிக்கிறதே, அதற்கு விடை அங்கே இருக்கிறது. உங்கள் மாதிரியில் அந்தச் சேனலையும் சேர்த்து, 10க்குக் கீழே மறுபடி ஓட்டுங்கள். எண்களை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.