உத்தம சோழனைக் கொலைகாரனாக்கும் நாவல்கள்: உடையார்குடி கல்வெட்டில் இருப்பது என்ன?

வடகரையான்:
பக்கத்து இழையில் ஒருவர், "ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது உத்தம சோழன்தான், கல்வெட்டே சொல்கிறது, புது நாவல்கள் அதைத் தைரியமாக எழுதுகின்றன" என்று அடித்துவிட்டிருக்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரத்தில் இருக்கும் உடையார்குடி கல்வெட்டில் உத்தமன் பெயர் எந்த வரியில் வருகிறது? சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்று துரோகிகள் பெயர் வருகிறது. அவர்களுடைய, உறவினர்களுடைய சொத்தைப் பறிக்க, பிராமணர் ஊரான வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு அரசாணை போகிறது. உத்தமன் எங்கே?

சோழநேசன்:
அந்த இழையில் எழுதியது நான்தான். ஆணை ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு. அவனுக்கு முன் உத்தமன் 971 முதல் 985 வரை ஆண்டான். அத்தனை வருடம் கொலைகாரர்கள் நிலபுலத்தோடு சுகமாக இருந்தார்களே, யார் தயவில்? வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரிக்கே உத்தமன் மேல் சந்தேகம் வந்தது. உங்களுக்கு வராதா?

வடகரையான்:
சாஸ்திரிக்கு வந்தது சந்தேகம். நீங்கள் எழுதியது தீர்ப்பு. இன்னொரு வரலாற்றாசிரியர் சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்திருப்பது உங்கள் கண்ணில் படவே படாது. 2ஆம் ஆண்டில் வந்தது சொத்து பற்றிய ஆணை. தண்டனையே அன்றுதான் தொடங்கியது என்று எந்த வரி சொல்கிறது?

நிலாமுற்றம்:
நாவலை நாவலாகப் படியுங்களேன். கல்வெட்டு விட்ட இடத்தைக் கதாசிரியர் நிரப்புகிறார். கதைக்கு வில்லன் வேண்டாமா?

வடகரையான்:
வில்லன் வேண்டுமென்றால் கற்பனையாக ஒருவனைப் படைக்கட்டும். செம்பியன் மாதேவியின் மகன் உத்தமனைப் பிடித்துக் கோழை, பேராசைக்காரன், கொலைகாரன் என்று எழுதிவிட்டு, முன்னுரையில் "கல்வெட்டு ஆதாரங்களுடன்" என்று போடுகிறார்களே, அதுதான் எரிகிறது. உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன், ராஜராஜன் ஆட்சியில் கோயில் கணக்குகளை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தான். அண்ணனைக் கொன்றவனின் மகனிடம் அந்தப் பொறுப்பைக் கொடுப்பார்களா? இதை எந்த நாவல் எழுதியது?

சோழநேசன்:
அப்பன் செய்த பாவத்துக்குப் பிள்ளையைத் தண்டிக்கவில்லை, அது ராஜராஜனின் பெருந்தன்மை. 2ஆம் ஆண்டு. அதற்குப் பதில் சொல்லுங்கள்.

வடகரையான்:
துரோகிகளின் உறவினர் சொத்தையெல்லாம் பறித்த அதே ராஜராஜனின் பெருந்தன்மையா? நீங்கள் காட்டும் கல்வெட்டை நீங்களே இன்னொரு முறை படிப்பது நல்லது.

வைகைக்கரை:
உத்தமனுக்கு அழ இங்கே ஆள் இருக்கிறது. எங்கள் பாண்டியனுக்கு? ரவிதாசன் கூட்டத்தைப் பாண்டிய நாட்டுச் சதிகாரர்களாக எல்லா நாவலும் எழுதிவிட்டது. இருமுடிச்சோழ பிரமாதிராஜன் என்பது சோழ அதிகாரிக்குரிய பட்டம். கொன்றவர்கள் உங்கள் ஆட்கள், பழி எங்கள் மேல். பாண்டிய மன்னன் வீரபாண்டியனை, ஆதித்தனிடம் தலையை இழந்தவனாக மட்டுமே காட்டுகிறீர்கள். அவன் கல்வெட்டில் "சோழன் தலைகொண்ட" என்று இருப்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

சோழநேசன்:
வந்துவிட்டார். எந்த இழையைத் திறந்தாலும் மதுரைக்குப் போகாமல் இவருக்கு முடியாது. போன முறை பல்லவர் இழையையும் இப்படித்தான் கெடுத்தார்.

வைகைக்கரை:
பல்லவர் இழையைக் கெடுத்தது யார் என்று நெறியாளரைக் கேளுங்கள். என் பதிவை நீக்கச் சொல்லிப் புகார் கொடுத்தவர் நீங்கள்.

நிலாமுற்றம்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாமே.

வடகரையான்:
வைகைக்கரை சொன்னதில் பட்டம் பற்றிய பகுதி முக்கியமானது. "பஞ்சவன்" என்று பாண்டியன் பெயர் பட்டத்தில் இருப்பதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒற்றன் கதை எழுதுகிறார்கள், ரவிதாசனின் தம்பி பரமேஸ்வரனின் பட்டத்தில் சோழன் இருப்பதை விட்டுவிடுகிறார்கள். மன்னர்களைப் பற்றிய பகுதியும் இப்படித்தான். ராஜராஜன் என்றால் குறையே இல்லாத தெய்வம், உத்தமன் என்றால் நடுங்கும் பேடி. திருவாலங்காட்டுச் செப்பேடு, சிற்றப்பன் உத்தமனுக்கு அரசாளும் ஆசை இருக்கும்வரை நாட்டை மனத்தாலும் விரும்பவில்லை என்று அருண்மொழியை, அதாவது ராஜராஜனைப் புகழ்கிறது. மகன் ராஜேந்திரன் காலத்தில் எழுதிய புகழ்ச்சி அது. அதையே அப்படியே வசனமாக்குகிறார்கள். அவனுக்கும் கணக்கு இருந்திருக்கலாம், காத்திருந்திருக்கலாம் என்று எழுத ஒருவருக்குக்கூடத் துணிச்சல் இல்லை.

சோழநேசன்:
மாமன்னரையே சந்தேகிக்கிறீர்களா? இப்போதுதான் உங்கள் உள்நோக்கம் புரிகிறது. உத்தமனுக்கு ஆதாரம் கேட்டவர், ராஜராஜனுக்கு மட்டும் "இருந்திருக்கலாம்" போடுகிறார். 2ஆம் ஆட்சியாண்டு. மூன்றாவது முறை கேட்கிறேன்.

வடகரையான்:
நான் ராஜராஜன் மேல் கொலைப் பழி போடவில்லை. மனிதனாக எழுதச் சொன்னேன். நீங்கள் முப்பது முறை கேட்டாலும், அந்த ஆணையில் உத்தமன் பெயர் வரும் வரியைக் காட்டாமல் நகரமாட்டேன்.

வைகைக்கரை:
வீரபாண்டியன் பட்டத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சோழநேசன்:
அதற்குத் தனி இழை திறந்துகொள்ளுங்கள். வடகரையானுக்கு: படி எடுத்த நூலைப் பார்த்துச் சொல்கிறீர்களா, அனந்தீசுவரம் போய்ச் சுவரில் படித்தீர்களா?

வடகரையான்:
சுவரிலேயே படித்தேன். நீங்கள்?