சிடி ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை: லென்ஸா, கேபிளா?

கேள்வி:
வணக்கம். மேசைக் கணினி, விண்டோஸ் 10, சாட்டா (கேபிள் இணைப்பு வகை) டிவிடி ரைட்டர். ஆடியோ சிடி நன்றாகப் பாடுகிறது. டிவிடி போட்டால் விளக்கு மினுக்குகிறது, கொஞ்ச நேரம் சுழன்று நின்றுவிடுகிறது, டிஸ்க் போடச் சொல்லிக் கேட்கிறது. டிவைஸ் மேனேஜரில் (விண்டோஸின் கருவிப் பட்டியல்) பிழையைக் காட்டும் மஞ்சள் குறி இல்லை. டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றியும் பலனில்லை. கடையில் வாங்கிய படம், நாமே எழுதிய டிவிடி-ஆர் இரண்டுமே படிக்கவில்லை. கேபிளை மாற்றலாமா?

பதில் 1:
மாற்ற வேண்டாம். கேபிள் போயிருந்தால் சிடியும் ஓடாது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650. லேசரை உண்டாக்கும் டையோடு தனித்தனி, லென்ஸ் பெரும்பாலும் ஒன்றே. சிடியில் தட இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர், டிவிடியில் 0.74 தான். அதனால் சிடி தாங்கிக்கொள்ளும் தூசியில் டிவிடி தடுமாறும். முதலில் லென்ஸைத் துடையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் டிவிடி டையோடு மங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

பதில் 2:
துடைக்கும் முறை: மின் இணைப்பை எடுத்துவிட்டு டிரைவைக் கழற்றுங்கள். முகப்பிலுள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக அழுத்தினால் தட்டு சிறிது வெளியே வரும், மீதியைக் கையால் இழுக்கலாம். அடியில் பெரும்பாலும் 4 திருகுகள். அடித்தகடு, முகப்பு, மேல்மூடி என்ற வரிசையில் எடுங்கள். ரிப்பன் கேபிளை இழுத்துவிடாதீர்கள். (மடிக்கணினி டிரைவில் லென்ஸ் தட்டிலேயே இருக்கும், பிரிக்கத் தேவையில்லை.)

காது குடையும் பஞ்சுக் குச்சியில் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டு போதும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் சாய்ந்துவிடும். பட்டும் படாமல் துடைத்து, பத்து நிமிடம் உலரவிடுங்கள். அசிட்டோன் கூடவே கூடாது, பிளாஸ்டிக் லென்ஸ் வெளுத்துவிடும். மூடி திறந்திருக்கையில் மின்சாரம் கொடுக்காதீர்கள். சிடி லேசர் கண்ணுக்குத் தெரியாது.

கேட்டவர்:
துடைத்தேன். படம் ஓடுகிறது, மிக்க நன்றி! டிவிடி-ஆர் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

பதில் 1:
எழுதி முடித்தபின் ஃபைனலைஸ் (மற்ற டிரைவ்களும் படிக்கும்படி டிஸ்க்கை நிறைவுசெய்வது) செய்தீர்களா? செய்யாத டிஸ்க் பல டிரைவ்களில் காலியாகவே தெரியும். எழுதிய கருவியிலேயே போட்டு ஃபைனலைஸ் செய்து பாருங்கள். அதை ஏற்கெனவே செய்திருந்தால் வேறொரு டிரைவில் சோதியுங்கள். அங்கே திறந்தால் உடனே ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். டிவிடி-ஆரில் தகவல் இருப்பது சாயப் படலத்தில், வெளிச்சமும் சூடும் அதைக் கெடுக்கும். அங்கே திறந்து இங்கே திறக்காவிட்டால் உங்கள் லேசர் பலவீனம். டிரைவையே மாற்றுவதுதான் வழி. பிக்கப்பில் (லேசரும் லென்ஸும் உள்ள பகுதி) இருக்கும் சிறு திருகைத் திருப்பி லேசரின் சக்தியைக் கூட்டச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், டையோடு சீக்கிரம் எரிந்துவிடும்.

பதில் 3:
டிஸ்க்கைத் துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடு நீளும், பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்ட முடியாது.

மஞ்சள் குறியோடு 19 அல்லது 39 என்ற பிழை எண் வருபவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவர்கள் ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) பேக்கப் எடுத்துக்கொண்டு, அதன் சிடி-ரோம் பிரிவில் அப்பர்ஃபில்டர்ஸ் (UpperFilters), லோயர்ஃபில்டர்ஸ் (LowerFilters) பதிவுகளை நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். டிஸ்க் எழுதும் மென்பொருள் அதன்பின் இயங்காவிட்டால் அதை மட்டும் மறுபடி நிறுவுங்கள்.