ஆப்பு வைத்த கதவு

கட்டட நிர்வாகப் பொறுப்பை நான் ஏற்ற முதல் ஆண்டில், மூன்றாம் மாடிப் படிக்கட்டின் தீத்தடுப்புக் கதவு எந்நேரமும் ஒரு மரத்துண்டை ஆப்பாக வைத்துத் திறந்தே கிடக்கும். தீப்பிடித்தால் புகை படிக்கட்டுக்குள் நுழையாமல் தடுப்பதற்காகவே அந்தக் கதவு இருக்கிறது; படிக்கட்டில் புகை சூழ்ந்துவிட்டால் மேலே இருப்பவர்கள் இறங்க வழியில்லை. பார்க்கும்போதெல்லாம் ஆப்பை எடுத்தேன், இருமுறை சுற்றறிக்கையும் அனுப்பினேன். மறுநாளே வேறொரு துண்டு அங்கே இருக்கும்.

ஒரு நாள் காலை அங்கேயே நின்று கவனித்தேன். துப்புரவுப் பணியாளரான அம்மா ஒருவர், ஒரு கையில் நீர் நிறைந்த வாளியும் மறுகையில் துடைப்பானுமாக வந்து, முதுகால் கதவைத் தள்ளினார். கதவைத் தானாக மூடவைக்கும் டோர் குளோசர் அளவுக்கு மீறி இறுகியிருந்ததால், பாதி திறந்த கதவு திரும்பி வந்து அவர் முழங்கையில் இடித்தது. வாளி நீர் தளும்பிப் படியில் சிந்தியது. "ஒரு நாளைக்கு இருபது தடவை போய் வரணும் சார்" என்று மட்டும் சொன்னார். அத்தனை நாளும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டேனே என்று மனம் மிகவும் வருந்தியது.

அன்றே குளோசரின் திருகைச் சரிசெய்தோம். பிறகு தீ எச்சரிக்கை அமைப்புடன் இணைந்த மின்காந்தப் பிடிப்பானைப் பொருத்தினோம். அது கதவைத் திறந்தபடி பிடித்திருக்கும். எச்சரிக்கை மணி ஒலித்தாலோ மின்சாரம் நின்றாலோ விட்டுவிடும், கதவு தானே மூடிக்கொள்ளும். அதன்பின் அங்கே ஆப்பைப் பார்க்கவில்லை.

ஒரு வாசகரின் மறுமொழி:

எங்கள் கிடங்கில் சிக்கல் நேர்மாறானது. பொருள் திருட்டுப் போகிறது என்று அவசர வழிக் கதவையே பூட்டி வைத்திருந்தார்கள். 1911 மார்ச் 25 அன்று நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை எரிந்து 146 பேர் இறந்தபோதும், ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியே இருந்தது. இதை எடுத்துச் சொல்லி, உள்ளிருந்து தள்ளினால் உடனே திறந்து, திறந்ததும் ஒலியெழுப்பும் தள்ளுகம்பியைப் பொருத்த வைத்தேன். ஆனால் முதல்முறை தள்ளியபோது கதவு ஒரு சாண் அளவே திறந்தது. வெளிப்புறம், சரக்கு வைக்கும் மரத் தட்டுகளான பேலட்டுகளை அடுக்கியிருந்தார்கள். இப்போது வாரந்தோறும் வெளியே சுற்றிப்போயும் பார்க்கிறேன்.