லாஸ் பால்மாஸில் கடல் தாண்டக் காத்திருந்தபோது பார்த்தவர்கள்

அட்லாண்டிக்கைத் தாண்டியவர்கள் எல்லோரும் நடுக்கடலைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். கிளம்புவதற்கு முன்னால் படகிலேயே கிடந்து மல்லாடும் நாட்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் ஆரம்பித்து வைக்கிறேன், நீங்களும் எழுதுங்கள்.

ஆப்பிரிக்கக் கரைக்கு அருகே, ஸ்பெயினுக்குச் சொந்தமான கனேரித் தீவுகளில் லாஸ் பால்மாஸ் துறைமுகம். 38 அடிப் பாய்மரப் படகு, அதன் சொந்தக்கார நண்பர், நான். நவம்பரில் அந்தத் துறைமுகத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. 1986இல் தொடங்கிய ஏஆர்சி என்ற பாய்மரப் படகுகளின் கூட்டுப் பயணம் அங்கிருந்துதான் புறப்படுகிறது. கரீபியனில் செயின்ட் லூசியா வரை சுமார் 2,700 கடல் மைல். எங்களைப் போலத் தனியாகப் போகிறவர்களும் அதே சமயத்தில்தான் வந்து சேருவார்கள். எல்லாம் காற்றுக்காகத்தான். அக்கரையில் புயல் பருவம் நவம்பர் 30உடன் முடியும். அப்புறம் வடகிழக்குக் காற்று, நம் கரையில் வாடைக்கொண்டல் என்போமே அந்தத் திசைக் காற்று, நிலைத்து வீசும். அதை முதுகில் வாங்கிக்கொண்டே மேற்கே போகலாம்.

பக்கத்துப் படகில் எழுபதைத் தாண்டிய பிரெஞ்சுத் தாத்தா ஒருவர், தனியாள். முதல் நாள் காய்கறிகளை அட்டைப்பெட்டியோடு தூக்கி வந்தேன். "அங்கேயே நில்!" என்று கத்தினார். அட்டை மடிப்பில் கரப்பான் முட்டை இருக்குமாம். ஒருமுறை ஏறிவிட்டால் படகை விட்டு இறங்காதாம். மிதவைப் பாலத்திலேயே உட்கார வைத்து ஒவ்வொரு தக்காளியையும் கழுவித் துடைக்க வைத்தார். இரண்டு மணி நேரம்!

மூன்றாம் நாள், "பாய்மர உச்சிக்கு ஏறிப் பார்த்தாயா?" என்றார். அதற்கென்று ஒருவரை வரவழைத்துக் காசும் கொடுத்திருந்தோம். அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று போயிருந்தார். தாத்தா விடவில்லை. துணி இருக்கையில் என்னைக் கட்டி, அவரும் நண்பருமாகக் கயிற்றைச் சுற்றி மேலே ஏற்றினார்கள். கீழே யாராவது மோட்டார் படகில் போனால்கூட மேலே ஊஞ்சல்தான். மரத்தை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பி 19 இழைகள் முறுக்கியது. உச்சியில் அதில் ஓர் இழை அறுந்து முள்ளாக நின்றது. விரலில் குத்திய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

புதுக் கம்பி வர ஒன்பது நாள். யார் மேல் தப்பு என்று சண்டை போட்டு, நண்பரும் நானும் பேச்சை நிறுத்திவிட்டோம். 38 அடிக்குள் கோபித்துக்கொண்டு எங்கே போவது? அவர் முன்பக்கம் அணியத்தில், நான் பின்னால் சுக்கான் பக்கம். அதற்கிடையில் ஏஆர்சி படகுகள் கொடி பறக்கக் கிளம்பிப் போயின. மறுநாள் துறைமுகம் தேர் போன வீதி மாதிரி கிடந்தது.

கம்பி மாட்டிய அன்று தாத்தா பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டுகள் கொஞ்சம் கொடுத்தார். மூன்று வாரம் ஒரே பக்கக் காற்று என்றால் கயிறு ஒரே இடத்தில்தான் உரசும். அங்கே குழாயைச் சுற்று, படகைப் பார்த்துக்கொள்ளும் காவல் முறை ஒவ்வொரு தடவை மாறும்போதும் கயிற்றை ஒரு சாண் நகர்த்து என்றார்.

*

எனக்குப் படகே கிடையாது. அதே லாஸ் பால்மாஸில் "ஆள் வேண்டுமா?" என்று படகு படகாகக் கேட்டு அலைந்தவன் நான். அப்படி அலைகிறவர்கள் அங்கே ஏராளம். மிதவைப் பாலத்துக் கதவு பூட்டியிருக்கும். யாராவது வெளியே வரும்போது நுழைய வேண்டும். அப்புறம் பெண் பார்க்கிற மாதிரி கேள்விகள்: சமைப்பாயா, வாந்தி எடுப்பாயா, ராத்திரி விழித்திருப்பாயா? இந்தியப் பாஸ்போர்ட் என்றதும் பேச்சு இழுபடும். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அக்கரையில் என்னைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு கேப்டன் தலையில் விழுமே.

பன்னிரண்டாம் நாள், ஒரு ஜெர்மன் தம்பதியின் படகிலிருந்து குக்கர் ஓரத்தில் ஆவி கசியும் சத்தம். மூடி பூட்டிக்கொள்வதால் படகு ஆடினாலும் கொட்டாது, கேஸும் மிச்சம் என்று பல படகுகளில் குக்கர் வைத்திருக்கிறார்கள். கேஸ்கட்டைக் கழற்றிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டெடுத்து மாட்டச் சொன்னேன். கசிவு நின்றது. மறுநாள், அக்கரையிலிருந்து ஊர் திரும்ப எடுத்திருந்த விமான டிக்கெட்டைக் காட்டினேன், சேர்த்துக்கொண்டார்கள். நான் ஏற்றிய மூட்டை மூன்று கிலோ பச்சைப்பயறு. இரண்டாவது வாரம் காய்கறி தீர்ந்தபின் படகில் இருந்த ஒரே பச்சை அந்த முளைப்பயறுதான்.

*

நாங்கள் நேரே போகாமல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டித் தீவுகளில் மின்டெலோ துறைமுகத்தில் நின்றோம். சகாரா தூசியில் கயிறெல்லாம் செங்கல் பொடி நிறம். கழுவலாம் என்றால் ஊரே கடல்நீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறது, மனசு வரவில்லை.

எதிர்ப்படகில் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. எந்த டப்பா எந்தப் பலகைக்கு அடியில் என்பது அவள் நோட்டில்தான் இருக்கும். டப்பாக்களின் லேபிளை எல்லாம் உரித்து, மூடியில் மார்க்கரால் எழுதிக்கொண்டிருந்தாள். ஏன் என்றேன். "அடியில் தண்ணீர் புகுந்தால் காகிதம் ஊறிப் பம்பை அடைக்கும். உங்களுக்குத் தெரியாதா?" தெரியாது. அன்று சாயங்காலம் முழுக்க நாங்களும் உரித்தோம்.

முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: ஃபிரிட்ஜ் இல்லாமல் முட்டை எத்தனை நாள் தாங்கியது?

*

கடைசி வரை. கடையில் ஃபிரிட்ஜில் வைக்காத முட்டையாகப் பார்த்து 60 வாங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை திருப்பி வைத்தோம். மூன்றுதான் நாறியது. வாழைத்தார் மட்டும் வாங்காதீர்கள். ஐந்தாம் நாள் காலையில் மொத்தத் தாரும் ஒரேயடியாகப் பழுத்துவிட்டது. மூன்று வேளையும் வாழைப்பழம். அதைப் பார்த்துத்தான் நண்பர் சிரித்துப் பேச ஆரம்பித்தார்.