சந்தானாவின் கிதாரில் பக்தி கேட்கிறதா?

இசைவழி:
நண்பர்களுக்கு வணக்கம். இசை மனிதரைக் குணப்படுத்தும் ஓர் ஆன்மிகச் செயல் என்று ராக் கிதார் கலைஞர் கார்லோஸ் சந்தானா பல்லாண்டுகளாகச் சொல்லி வருகிறார். இந்திய ஆன்மிகக் குரு ஸ்ரீ சின்மயின் சீடர்களாக இருந்த காலத்தில், 1973-ல், அவரும் கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லினும் சேர்ந்து வெளியிட்ட இசைத்தட்டைக் கேட்டேன். ஜாஸ் சாக்சபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'அ லவ் சுப்ரீம்' அதில் இரு கிதார்களும் முட்டி மோதும் வேகத்தில் ஒலிக்கிறது. இதில் பக்தியை எங்கே தேடுவது? சந்தானாவின் நம்பிக்கை இசைக்குள் இருக்கிறதா, பேட்டிகளில் மட்டும்தானா?

நள்ளிரவு வானொலி:
அந்த இசைத்தட்டுக்கு முந்தைய ஆண்டுகளிலிருந்து தொடங்குங்கள். 1969 ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசைவிழாவில் மேடையேறியபோது சந்தானாவுக்கு வயது 22. அவருடைய குழுவின் முதல் இசைத்தட்டுகூட வெளிவந்திருக்கவில்லை. போதைப்பொருளின் மயக்கத்தில் கிதாரின் கழுத்து பாம்பாய் நெளிவதாகத் தெரிந்ததென்றும், சுருதியும் தாளமும் பிசகாமல் காக்கும்படி கடவுளை வேண்டிக்கொண்டே வாசித்ததாகவும் அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். அடுத்த ஆண்டு ராக் கலைஞர்களான ஜிமி ஹென்ட்ரிக்ஸும் ஜானிஸ் ஜாப்ளினும் அடுத்தடுத்து இறந்தனர். 1972-ல் வந்த சந்தானா குழுவின் 'கேரவான்செராய்' இசைத்தட்டு சில்வண்டுகளின் ரீங்காரத்தில் தொடங்கி, சாக்சபோனுக்கு வழிவிட்டு, வானொலிக்கு ஏற்ற பாடல் எதையும் தேடாமல் விரிகிறது. இசைத்தட்டை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தின் தலைவர் கிளைவ் டேவிஸ் இது தொழிலையே அழித்துவிடும் என்று எச்சரித்தும் அவர் பின்வாங்கவில்லை. புகழின் உச்சியில் இருந்தவர் இப்படியொரு இழப்புக்குத் துணிந்ததையே அவருடைய நம்பிக்கைக்குச் சான்றாகக் கொள்கிறேன்.

ஆறாம் தந்தி:
கிதார் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். சந்தானாவின் அடையாளம் வேகமன்று, ஓயாமல் நீளும் ஒற்றை ஸ்வரம். ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி தந்தியை மீண்டும் அதிரச் செய்ய, அந்த அதிர்வைக் கிதாரில் உள்ள 'பிக்கப்' என்னும் கருவி மின்குறிப்பாக்கித் திரும்பவும் பெருக்கிக்கு அனுப்புவதால் ஸ்வரம் தேயாமல் நிற்கிறது. ஆனால் இது மேடையின் எல்லா இடங்களிலும் நிகழ்வதில்லை. ஆகவே கச்சேரிக்கு முன்பே மேடையில் நடந்து பார்த்து, எந்த ஸ்வரம் எங்கே நிற்கிறது என்று கண்டறிந்து, அந்த இடங்களில் தரையில் டேப் ஒட்டி வைப்பது அவர் வழக்கம். ஒரே ஸ்வரத்துக்காக அரங்கத்தையே இவ்வளவு பொறுமையாகக் கேட்டறிவதை நான் சாதனை என்றே சொல்வேன். 1976-ல் வந்த அவருடைய 'யூரோப்பா' என்னும் இசைப்படைப்பை, இதை மனத்தில் வைத்துக் கேளுங்கள். நீங்கள் தேடும் தியானம் அங்கே கிடைக்கும்.

மாற்றுச்சுருதி:
இருவரோடும் ஓரளவே உடன்படுகிறேன். 1980களின் தொடக்கத்தில் சந்தானா அந்தக் குருவை விட்டு விலகிவிட்டார். 1999-ல், முன்பு எச்சரித்த அதே கிளைவ் டேவிஸின் துணையோடு வந்த 'சூப்பர்நேச்சுரல்' இசைத்தட்டு வானொலிக்கென்றே அமைந்த காதல் பாடல்களும் நடனப் பாடல்களும் நிறைந்தது. அதற்கும் மெட்டட்ரான் என்னும் தேவதூதரின் வாக்கே காரணம் என்றார் சந்தானா. ஆகவே, வெற்றியைத் துறப்பதை நம்பிக்கையின் அளவுகோலாக வைப்பது சரியாக வராது. அவருடைய தந்தை மரியாச்சி என்னும் மெக்சிகோ நாட்டார் இசையில் வயலின் கலைஞர். மகனும் முதலில் கற்றது வயலின்தான். இளவயதில் மெக்சிகோவின் டிஹுவானா நகர இரவு விடுதிகளில் வாசித்துப் பிழைத்தவர் அவர். உடலை ஆடவைக்கும் இசையையும் உள்ளத்தை உயர்த்தும் இசையையும் அவர் என்றுமே தனித்தனியாகப் பிரித்ததில்லை. இசைவழி கேட்ட அந்த மோதலும் வேகமும்கூட, என் செவிக்கு, ஆட்டத்தோடு கூடிய வழிபாடுதான்.

இசைவழி:
மூவருக்கும் நன்றி. முதலில் 'கேரவான்செராய்' முழுவதையும் கேட்டுவிட்டு, அதன் பிறகு 1973 இசைத்தட்டுக்குத் திரும்புகிறேன்.